மழைத் தெய்வம் ஊரில் இல்லாத நாட்கள்

பாகால் செத்துப்போனான். அவனுடைய அரியணை காலியாகக் கிடக்கிறது. ஆளில்லாமல் விடக்கூடாது என்று அத்தார் என்ற தெய்வத்தை ஏற்றி உட்கார வைக்கிறார்கள். அவனுக்கோ கால் பாதபீடத்தை எட்டவில்லை, தலை ஆசனத்தின் உச்சியை எட்டவில்லை. சபோன் மலை உயரத்தில் தன்னால் ஆள முடியாது என்று அவனே ஒப்புக்கொண்டு இறங்கிவிடுகிறான்.

உகாரித்துக் களிமண் பலகைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மழைத் தெய்வம் எவ்வளவு பெரியவன் என்பதைச் சொல்ல இடியையோ மின்னலையோ துணைக்கு அழைக்கவில்லை, அந்தப் பாடலைக் கட்டியவர். அவன் விட்டுப்போன இருக்கையை அளந்து காட்டினார், அவ்வளவுதான்.

*

உகாரித் கிடைத்த கதை. 1928இல் சிரியக் கடற்கரையில், லத்தாக்கியா பக்கம், நிலத்தை உழுதுகொண்டிருந்த ஒருவரின் கலப்பை பழைய கல்லறை ஒன்றின் மூடுகல்லில் இடித்தது. மறு ஆண்டே குளோத் ஷெஃபெர் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து தோண்டத் தொடங்கினார்கள். அருகே ராஸ் ஷம்ரா என்ற மேட்டுக்குள் முழு நகரமே இருந்தது. பலகைகளில் இருந்தது அதுவரை யாரும் பார்த்திராத எழுத்து: ஆப்பு வடிவக் கீறல்கள், ஆனால் முப்பதே குறிகள். ஹான்ஸ் பாவர், எதுவார் தோர்ம், ஷார்ல் விரோலோ மூவரும் 1930க்குள்ளேயே அதைப் படித்துவிட்டார்கள்.

பாகாலின் கதை ஆறு பலகைகளில் இருக்கிறது. எழுதியவர் பெயர் இலிமில்கு. பலகைகள் கிடைத்த இடம் தலைமைப் பூசாரியின் வீடு. கதையில் பாதிக்கு மேல் சிதைந்தும் விடுபட்டும் கிடக்கிறது.

தமிழ் விவிலியத்தில் பாகால் என்ற பெயரை எதிரிகளின் வாய்வழியாக மட்டுமே கேட்டிருக்கிறோம். கர்மேல் மலையில் எலியா அவனுடைய பூசாரிகளைப் பார்த்து, உங்கள் தெய்வம் பயணம் போயிருக்கிறதோ, தூங்குகிறதோ என்று கேலி செய்வார். உகாரித்தைப் படித்த பிறகு அந்தக் கேலி வேறு மாதிரி கேட்கிறது. தெய்வம் எங்கே போயிற்று என்பது பாகாலை வணங்கியவர்கள் அழுதுகொண்டு கேட்ட கேள்வி. அவர்களுடைய நூலிலேயே எழுதி வைத்த கேள்வி.

*

அந்தக் கரையின் மழைக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதை பிடிபடாது. ஐப்பசிவாக்கில் முதல் மழை. குளிர்காலம் முழுக்க மழை. சித்திரை பிறந்தால் ஓய்ந்துவிடும். அதன்பிறகு ஐந்து மாதம் வானத்திலிருந்து சொட்டு விழாது. திராட்சையும் அத்தியும் பழுப்பது அந்த ஐந்து மாதத்தில்தான், அதுவும் இரவுப் பனியை நம்பி. பாகாலின் மகள்களில் ஒருத்தியான தல்லாய் பனித்துளிக்கு உரியவள். பெருமழைக்காரன் வீட்டிலேயே பனிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அந்த ஊர் உழவருக்கு எது எப்போது வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்ட குடும்பக் கணக்கு.

நைல் ஓடும் எகிப்திலும், யூப்ரடீஸும் டைகிரிஸும் ஓடும் தென் ஈராக்கிலும் ஆற்றைப் பார்த்து விதைத்தார்கள். சிரியாவிலும் அனத்தோலிய மேட்டுநிலத்திலும் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். புயல் தெய்வம் முதலிடத்தில் இருப்பதெல்லாம் மானாவாரி நாடுகளில்.

*

சன்னல் விவகாரம்.

கடல் தெய்வமான யம்முவைப் பாகால் அடித்து வீழ்த்துகிறான். கோத்தர் என்ற கைவினைத் தெய்வம் செய்து கொடுத்த இரண்டு தண்டாயுதங்கள். இரண்டுக்கும் பெயர் உண்டு. வென்றாயிற்று, ஆனால் வீடில்லை. மற்ற தெய்வங்களுக்கெல்லாம் மாளிகை இருக்கத் தனக்கு மட்டும் இல்லை என்பது அவன் குறை. மூத்த தெய்வமான ஏலிடம் அனுமதி வாங்க, ஏலின் மனைவி அத்திராத்தைத் தூது அனுப்ப வேண்டியிருக்கிறது. அனுமதி கிடைத்ததும் அவள் சொல்வது முக்கியம்: இனிப் பாகால் மழைக்குப் பருவம் வகுப்பான். வீடு இல்லாதவனிடமிருந்து பருவம் தவறாத மழையை எதிர்பார்க்க முடியாது என்பது உள்பொருள்.

கட்டுமானம் நடக்கிறது. ஆறு நாள் தீ எரிகிறது. ஏழாம் நாள் வெள்ளி தகடாகவும் பொன் செங்கல்லாகவும் மாறியிருக்கின்றன. கோத்தர் ஒரு சன்னல் வைக்கலாம் என்கிறான். வேண்டாம் என்கிறான் பாகால். ஏன்? அந்த வரிகள் உடைந்திருக்கின்றன. மகள்களின் பெயரும் கடலின் பெயரும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. திறப்பு இருந்தால் பழைய பகைவன் அதன் வழியாக வந்து மகள்களைத் தொடுவான் என்ற பயம் என்று பல அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். பிறகு ஊர் ஊராகப் போய் அறுபத்தாறு, எழுபத்தேழு என்று நகரங்களைக் கைப்பற்றித் திரும்பிய பாகால், சரி, சன்னல் வை என்கிறான். கோத்தர் சிரிக்கிறான்; நான் அப்போதே சொல்லவில்லையா?

சன்னல் திறக்கிறது. அதுவே மேகத்தில் விழும் பிளவு. அதன் வழியே குரல் வெளிவருகிறது, மலைகள் நடுங்குகின்றன, பகைவர்கள் காட்டுக்குள் ஓடுகிறார்கள்.

பயந்த நாளில் மூடி வைத்ததை நம்பிக்கை வந்த நாளில் திறக்கிறான். அதே திறப்பு வழியாகத்தான் மழையும் வரும், சாவும் வரும். அடுத்த காட்சியிலேயே மோத் வந்துவிடுகிறான்.

*

மோத் சாவின் தெய்வம். ஒரு உதடு மண்ணில், மறு உதடு வானத்தில், நாக்கு விண்மீன்கள் வரை. அவனுடைய அழைப்பு வந்ததும் பாகால் சண்டைக்குப் போவதில்லை. நான் உன் அடிமை, என்றென்றைக்கும் உன் அடிமை என்று சொல்லி அனுப்புகிறான். மேகத்தில் ஏறிச் செல்பவன் என்று பட்டம் பெற்றவன் சொல்கிற சொல் இது. மோத் இன்னொன்றும் கேட்கிறான்: வரும்போது உன் மேகங்களையும் காற்றையும் மழையையும் கையோடு கொண்டுவா.

செய்தி கேட்ட ஏல் அரியணையிலிருந்து பாதபீடத்துக்கு, பாதபீடத்திலிருந்து தரைக்கு இறங்கி உட்காருகிறான். தலையில் புழுதியை அள்ளிப் போட்டுக்கொள்கிறான். கல்லால் தன் மார்பைத் தோட்டத்தை உழுவதுபோல் உழுகிறான். பாகால் செத்தான், மக்கள் என்ன ஆவார்கள் என்று அழுகிறான். தெய்வங்களின் தகப்பன் மண்ணில் உட்கார்ந்து மனிதர்களை நினைத்து அழும் இந்த இடத்தை வேகமாகப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

பிறகு பாகாலின் தங்கை அனாத் வருகிறாள். மோத்தைப் பிடித்து வாளால் பிளக்கிறாள், சல்லடையில் சலிக்கிறாள், தீயில் சுடுகிறாள், திரிகையில் அரைக்கிறாள், வயலில் விதைக்கிறாள். சாவைத் தானியம்போல் நடத்துகிறாள். அதன்பின் ஏலுக்குக் கனவு வருகிறது: வானம் எண்ணெய் பொழிகிறது, ஓடைகளில் தேன் ஓடுகிறது. அப்படியானால் பாகால் உயிரோடு இருக்கிறான்!

கதை இங்கே முடிந்திருந்தால் பருவச் சுழற்சிக் கதை என்று எடுத்து வைத்துவிடலாம். கோடையில் மழை சாகிறது, மாரியில் எழுகிறது. பல பேர் அப்படித்தான் படித்தார்கள். எனக்கு அது போதவில்லை. ஆண்டுதோறும் வரும் கோடைக்கு யாரும் மார்பைக் கீறிக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கோடையில்தான் திராட்சை பழுக்கிறது. கதையிலேயே ஏழாம் ஆண்டு என்று வருகிறது, மோத் திரும்பி வருகிறான். அதே ஊரில் கிடைத்த அக்ஹாத் கதையிலும் ஓர் இளைஞன் கொலையான பிறகு ஏழு ஆண்டு மழையில்லை, பனியில்லை, பாகாலின் குரலில்லை. அவர்கள் பயந்தது ஐப்பசி வந்தும் மேகம் வராத ஆண்டுக்கு; அடுத்த ஆண்டும் அப்படியே ஆகிவிடுமோ என்பதற்கு.

கடைசிச் சண்டையில் பாகாலும் மோத்தும் காட்டு எருதுகளாக முட்டிக்கொள்கிறார்கள், பாம்புகளாகக் கடித்துக்கொள்கிறார்கள். இருவரும் விழுகிறார்கள். யாரும் வெல்லவில்லை. சூரியப் பெண்தெய்வமான சப்பாஷ் தலையிட்டு மோத்தை எச்சரிக்கிறாள், அவன் பின்வாங்குகிறான். மழைக்கும் வறட்சிக்கும் இடையே வெயில் பஞ்சாயத்து பேசி முடித்து வைக்கிறது. இவ்வளவு நேர்மையான முடிவை நான் வேறு புராணத்தில் அதிகம் பார்த்ததில்லை.

*

1932இல் அதே மேட்டில் கிடைத்த சுண்ணாம்புக் கல் பலகை இப்போது லூவ்ரில் இருக்கிறது. உயரம் 1.42 மீட்டர். பாகால் வலக்கையில் தண்டாயுதத்தை ஓங்கியிருக்கிறான். இடக்கையில் தரையில் ஊன்றிய ஈட்டி. அதன் மேல்முனை இலை விட்ட செடியாக விரிகிறது. மின்னலா, பயிரா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். அவனுடைய குறுவாளின் அடியில் மிகச் சிறிய மனித உருவம் நிற்கிறது. அரசனாக இருக்கலாம். பாகாலின் கோவிலில் கல் நங்கூரங்களும் கிடைத்தன. நிலத்தில் மழை கேட்டவர்களும் கடலில் புயலுக்குப் பயந்தவர்களும் ஒரே வாசலுக்கு வந்திருக்கிறார்கள்.

*

வானம் வேறு, வானிலை வேறு. பழைய மேற்காசியா இந்த இரண்டையும் கலக்கவேயில்லை.

மெசொப்பொத்தாமியாவில் ஆனு வானம். மேலே இருப்பான், தகப்பன், மரியாதைக்குரியவன். அன்றாட வேலை எதுவும் இல்லை. அதாத் வானிலை. அவனிடம்தான் பேச்சு, கெஞ்சல், சண்டை. அசூர் நகரத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே கோவில், இரண்டு அடுக்குக் கோபுரங்களோடு. அப்பனை ஒதுக்கவில்லை, மகனையும் கீழே வைக்கவில்லை.

ஹூரியர் என்ற மக்கள் சொல்லி, அனத்தோலியாவை ஆண்ட ஹிட்டைட்டுகள் எழுதி வைத்த கதை கொடூரமானது. வானத்தின் அரசனான ஆனுவைக் குமர்பி என்ற தெய்வம் துரத்திப் பிடித்து ஆண்குறியைக் கடித்து விழுங்குகிறான். அதனால் அவன் வயிற்றில் வளர்ந்து வருபவன் புயல் தெய்வமான தெஷூப். கிரேக்கர்களின் ஊரனோஸ், குரோனோஸ், ஜீயஸ் வரிசையும் இதேதான்: வானம் வெட்டுப்படும், நடுவில் ஒருவன் ஆள்வான், பேரன் இடியோடு வருவான். கிரேக்கக் கவி ஹெசியோட் பாடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில் களிமண்ணில் இருந்தது.

*

தெலிபினு கோபித்துக்கொண்டு போன கதை. ஹத்துசாப் பலகைகளிலேயே இதற்கு ஈடில்லை.

தெலிபினு புயல் தெய்வத்தின் மகன், உழவுக்குரியவன். எதற்குக் கோபம் என்று தெரியாது, தொடக்கம் உடைந்திருக்கிறது. கோபத்தில் வலது காலணியை இடது காலிலும் இடதை வலதிலும் மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். உடனே சன்னல்களை மூடுபனி பிடிக்கிறது, வீட்டைப் புகை பிடிக்கிறது. அடுப்பில் விறகு மூச்சு முட்டுகிறது. ஆடு குட்டியைச் சேர்க்கவில்லை, பசு கன்றைச் சேர்க்கவில்லை. தெய்வங்கள் விருந்து சாப்பிடுகின்றன, வயிறு நிறையவில்லை.

கழுகை அனுப்புகிறார்கள், தேடிவிட்டுத் திரும்புகிறது. தகப்பனே போகிறான், வாசலைத் தட்டித் தட்டிச் சம்மட்டிதான் உடைகிறது. கிழவி ஹன்னஹன்னா தேனீயை அனுப்பச் சொல்கிறாள். பெரிய தெய்வங்களால் முடியாததை இவ்வளவு சின்னச் சிறகு செய்யுமா என்கிறான் புயல் தெய்வம். தேனீ கண்டுபிடிக்கிறது. தூங்குகிறவனைக் கையிலும் காலிலும் கொட்டி எழுப்புகிறது. அவனுக்குக் கோபம் இன்னும் ஏறுகிறது, வெள்ளம் வருகிறது, வீடுகள் இடிகின்றன.

தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வறட்சி முடிந்து வரும் முதல் மழை ஊரை அடித்துக்கொண்டு போவதைக் கண்டவர்கள் எழுதியது. கமருசெபா என்ற மந்திரக்காரத் தெய்வம் தேன், நெய், அத்திப்பழம், மாவு வைத்துச் சடங்கு செய்து கோபத்தை அவன் உடம்பிலிருந்து எடுக்கிறாள். அந்தக் கோபம் பாதாளத்தில் வெண்கலக் கொப்பரைகளுக்குள் போய்விழுகிறது. உள்ளே போனது வெளியே வராது. மூடிய கொப்பரைக்குள்ளேயே அழிந்துபோகும்.

இதே கதை புயல் தெய்வம் பேரிலும் இருக்கிறது. அரசியர் சிலரின் சொந்தப் புயல் தெய்வம் போய்விட்டதாகவும் தனித்தனி வடிவங்கள் உண்டு. பெயரை மாற்றிப் பாடினார்கள். இது மருந்துச் சீட்டாகப் பயன்பட்ட கதை என்பதற்கு அதுவே சான்று.

*

இல்லுயங்கா என்ற பாம்பின் கதை, வசந்தகாலப் புருல்லி விழாவில் சொல்லப்பட்டது. முதல் மோதலில் தோற்பது புயல் தெய்வம்தான். ஒரு வடிவத்தில் பாம்பு அவனுடைய இதயத்தையும் கண்களையும் பறித்துக்கொள்கிறது. அவன் ஏழை ஒருவனின் மகளை மணந்து பிள்ளை பெறுகிறான். அந்தப் பிள்ளை பாம்பின் மகளை மணக்கிறான், தகப்பன் சொல்லிக்கொடுத்தபடி சீராக இதயத்தையும் கண்களையும் கேட்டு வாங்கித் தருகிறான். உறுப்புகள் திரும்பக் கிடைத்ததும் தகப்பன் கடலுக்குப் போய்ப் பாம்பைக் கொல்கிறான். அப்போது மகன் பாம்பின் பக்கம் நிற்கிறான். பெண் எடுத்த வீடு அல்லவா. என்னையும் விடாதே என்று வானத்தைப் பார்த்துக் கத்துகிறான். தகப்பன் அவனையும் கொல்கிறான்.

ஆண்டுதோறும் பயிர் முளைக்கும் நேரத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். மழை திரும்பி வர யாரோ ஒரு பிள்ளை விலை கொடுத்தான் என்பதை மறைக்காமல்.

*

இரண்டாம் முர்சிலி என்ற ஹிட்டைட் அரசன், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தில்குன்னு என்ற ஊருக்குத் தேரில் போகும்போது புயல் பிடித்தது, பயங்கரமாக இடித்தது. பயத்தில் பேச்சு வாயிலேயே சிறுத்துப்போயிற்று, மெல்ல மெல்லத்தான் வந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆண்டுகள் போக, அந்த நாள் கனவில் வரத் தொடங்கியது. கனவில் தெய்வத்தின் கை தொட்டது, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

இதை அவன் தன் பெயரிலேயே எழுத வைத்திருக்கிறான். குறி பார்த்தார்கள். ஓர் எருதை அலங்கரித்து, அரசன் அதன்மேல் கைவைத்து, கும்மன்னியிலிருந்த கோவிலுக்குப் பதிலாளாக அனுப்பினார்கள். அந்த நாளில் உடுத்தியிருந்த துணி, இடைவார், ஏறியிருந்த தேர், குதிரைகள் எல்லாம் கூடவே போயின. மருத்துவர்கள் இது பக்கவாதமாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கட்டும். பேரரசன் ஒருவன், நான் இடிக்குப் பயந்தேன், என் பேச்சு போயிற்று என்று ஊரறிய எழுதி வைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இவர்கள் புராணத்தில் தெய்வமே இதயத்தையும் கண்ணையும் இழந்து நிற்கும்போது, அரசன் தன் வாயைப் பற்றிச் சொல்ல ஏன் கூச வேண்டும்?

*

அத்ரஹாசிஸ் என்ற பாபிலோனியக் காவியத்தில் ஒரு பஞ்சம். மனிதர்கள் பெருகிச் சத்தம் போடுகிறார்கள், தூக்கம் கெட்ட தலைமைத் தெய்வம் என்லில் மழையை நிறுத்தச் சொல்கிறான். அறிவுத் தெய்வமான என்கி மனிதர்களுக்கு யோசனை சொல்கிறான்: வேறு எந்தத் தெய்வத்தையும் கும்பிடாதீர்கள். அதாத்துக்கு மட்டும் கோவில் கட்டி, சுட்ட அப்பம் ஒன்றைக் கொண்டுபோய் வையுங்கள். காணிக்கையைப் பார்த்து அவன் வெட்கப்படுவான்.

அப்படியே ஆகிறது. என்லிலுக்குத் தெரியாமல், காலையில் மூடுபனியாகவும் இரவில் பனியாகவும் அதாத் ஈரத்தை இறக்குகிறான். பயிர் திருட்டுத்தனமாக விளைகிறது. மேலிடத்துக் கட்டளை ஒரு பக்கம், வாசலில் வைத்த அப்பம் ஒரு பக்கம். நடுவில் நெளியும் தெய்வம்.

தென் ஈராக்கில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைத் தொடாது. வெறும் மழையில் தானியம் விளையக் குறைந்தபட்சம் அவ்வளவாவது வேண்டும். ஆனாலும் ஆற்றுப் பாசனக்காரர்களுக்கும் அதாத் பயம் உண்டு. ஹம்முராபி சட்டத்தின் 48ஆம் பிரிவு: கடன்பட்டவனின் வயலை அதாத் அழித்தாலோ, வெள்ளம் கொண்டுபோனாலோ, நீரில்லாமல் தானியம் விளையாவிட்டாலோ, அந்த ஆண்டு அவன் கடன் கொடுத்தவனுக்குத் தானியம் அளக்க வேண்டியதில்லை; வட்டியும் இல்லை. கடன் எழுதிய களிமண் பலகையை நீரில் நனைத்துவிட வேண்டும்.

நனைத்தால் எழுத்து குழைந்துவிடும். வானிலைத் தெய்வத்தின் பெயர் கடன் சட்டத்துக்குள் வந்து உழவன் பக்கம் நின்றது சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன்பு.

*

எகிப்து, சுருக்கமாக. பார்வோன் அக்கெனாதென் காலத்து ஆதென் துதியில், அயல்நாட்டாருக்காக வானத்தில் ஒரு நைலை வைத்ததாகக் கடவுளைப் புகழ்கிறார்கள். ஆறு இருக்கும் நாட்டான் மழையைப் பார்த்துச் சொன்னது. அழகான எண்ணம்தான், ஆனால் அதில் பயம் இல்லை. பயம் இல்லாத இடத்தில் கதையும் பெரிதாக வளரவில்லை.

*

ஹத்துசாவில் கிடைத்த இன்னொரு பலகை நம் பக்கத்தைத் தொடுகிறது. ஹிட்டைட் அரசன் சுப்பிலுலியுமாவும் மித்தானி அரசன் சத்திவாசாவும் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் செய்த உடன்படிக்கை. சாட்சித் தெய்வங்களின் நீண்ட பட்டியலில் ஊர் ஊரான புயல் தெய்வங்களுக்குப் பின் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் வருகிறார்கள். தெஷூப்பும் இந்திரனும் ஒரே களிமண்ணில்.

பாம்பைக் கொன்று நீரை விடுவித்தவன் என்ற கதையோடு இந்திரன் கிழக்கே பரவினான். தொல்காப்பியம் மருதத்துக்குச் சொல்லும் வேந்தனை இந்திரன் என்றே உரைகாரர்கள் கொண்டார்கள். வயலும் வயல் சார்ந்த இடமும் அவனுக்கு. வருணனுக்கு நெய்தல். சிலப்பதிகாரத்தில் புகாரில் இந்திரவிழா; மணிமேகலையில் அந்த விழா நின்றுபோனதால் புகாரைக் கடல் கொள்கிறது. விழாவை மறந்தால் வானவன் விலகுவான், விலகினால் கடல் உள்ளே வரும். உகாரித்தில் பாகாலின் முதல் பகைவன் கடல் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்லவில்லை. கடலோரத்தில் நெல்லோ கோதுமையோ விதைத்தவர்களின் பயம் ஒரே வடிவம் எடுக்கும்போலும்.

*

மலை ஒன்றுதான், பெயர்கள் மாறின. உகாரித்தார் சபோன் என்றார்கள், ஹூரியரும் ஹிட்டைட்டுகளும் ஹஸ்ஸி என்றார்கள், கிரேக்கர் காசியோஸ் என்றார்கள். இன்று ஜெபல் அக்ரா. துருக்கி–சிரியா எல்லையில், கடலிலிருந்து நேராக 1,700 மீட்டருக்கு மேல் எழும்புகிறது. ஈரக்காற்று வந்து முட்டி மேகம் சேரும் இடம். உகாரித்திலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும். மழைத் தெய்வத்தின் வீடு எங்கே என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஹூரியக் கதையில் உல்லிக்கும்மி என்ற கல் அசுரன் கடலிலிருந்து வளர்வதைத் தெஷூப் இந்த மலையிலிருந்துதான் பார்க்கிறான், பார்த்ததும் அழுகிறான். கிரேக்கக் கதையில் ஜீயஸ் தைஃபோனைத் துரத்திவந்து பிடிப்பதும் இங்கேதான். தைஃபோன் ஜீயஸின் கை கால் நரம்புகளை அறுத்து, கரடித்தோலில் சுற்றிச் சிலிசியாவில் ஒரு குகையில் ஒளித்து வைக்கிறான். திருடி மீட்டுத்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. இல்லுயங்கா பறித்த இதயமும் கண்களும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து நரம்புகளாக வருகின்றன. ஜீயஸை எப்போதும் வெல்பவனாகவே காட்டும் கிரேக்கர்கள், இந்த மலைக்கு வந்ததும் அவனைத் தோற்க விடுகிறார்கள்.

ரோமப் பேரரசன் ஹாட்ரியன் சூரிய உதயம் பார்க்க இரவில் இங்கே ஏறினான். பலி கொடுக்கும்போது மழை வந்து, மின்னல் விழுந்து பலிவிலங்கும் பக்கத்தில் நின்ற ஆளும் செத்ததாக அவன் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. உச்சியில் பல நூற்றாண்டுப் பலித்தீயின் சாம்பல் மேடாகக் குவிந்திருக்கிறது.

*

இனி நிஜமாகவே மழை போன கதை.

கோர்டியனில், அனத்தோலியாவின் நடுவே, மிடாஸ் மேடு எனப்படும் பெரிய புதைமேட்டுக்குள் அடுக்கிய ஜூனிப்பர் மரங்கள் இன்னும் இருக்கின்றன. ஸ்டர்ட் மேனிங் குழுவினர் அவற்றின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2023இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கி.மு. 1198 முதல் 1196 வரை, மூன்று ஆண்டுகள் வரை முன்பின்னாக, தொடர்ந்து மூன்று ஆண்டு கடும் வறட்சி. ஓர் ஆண்டைச் சமாளிக்க ஹத்துசாவில் வழி இருந்தது. ஆயிரக்கணக்கான டன் தானியம் கொள்ளும் நிலத்தடிக் களஞ்சியங்கள் கட்டியிருந்தார்கள். மூன்று ஆண்டு தொடர்ந்தால் விதைத் தானியமும் போய்விடும்.

நெருக்கடி அதற்குச் சற்று முன்பே தொடங்கியது. எகிப்தின் அரசன் மெர்நெப்தா, ஹிட்டைட்டுகளின் ஹத்தி நாட்டை உயிரோடு வைக்கக் கப்பலில் தானியம் அனுப்பியதாகக் கல்வெட்டில் சொல்கிறான். உகாரித்துக்கு வந்த ஒரு கடிதம், தானியம் ஏற்ற உடனே கப்பல் தரச் சொல்லி, இது சாவா வாழ்வா என்ற விஷயம் என்று முடிகிறது. ஹத்துசா காலியானது. கி.மு. 1185ஐ ஒட்டி உகாரித் எரிந்தது. வறட்சி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, படையெடுப்பும் இருந்தது. ஆனால் பாகால் செத்தான், மக்கள் என்ன ஆவார்கள் என்று இலிமில்கு எழுதிய பலகை அந்த எரிந்த நகரத்துக்குள்தான் கிடந்தது.

ஆதி மனிதன் இடியைக் கண்டு மிரண்டு, காரணம் தெரியாமல் கடவுளைக் கற்பித்தான் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். இந்தப் பலகைகளை வாசிக்காமல் எழுதிய வரி அது. இடி எப்படி உண்டாகிறது என்று இவற்றில் ஓர் இடத்திலும் ஆராய்ச்சி இல்லை. இடி ஏன் கேட்கவில்லை, யார் போய் அழைத்து வருவது, வந்தவனை எப்படி அமைதிப்படுத்துவது, அதுவரை கடனை என்ன செய்வது: இவைதான் இவற்றின் கேள்விகள்.

*

நகரங்கள் போன பிறகும் தெய்வம் போகவில்லை. அலெப்போக் கோட்டைமேட்டில் இருந்த புயல் தெய்வத்தின் கோவிலைப் பின்னர் தைத்தா என்ற அரசன் புதுப்பித்தான். 1996 முதல் தொல்லியலாளர் கய் கோல்மயரும் சிரிய அறிஞர்களும் தோண்டியெடுத்தபோது, தெய்வத்துக்கு எதிரே அவனும் அதே உயரத்தில் கல்லில் நின்றான்.

தென் அனத்தோலியாவில், எரேய்லி ஊருக்குப் பக்கத்தில் இவ்ரிஸ். கி.மு. 8ஆம் நூற்றாண்டு. பாறையிலிருந்து ஊற்று பெருகி ஓடையாக ஓடும் இடத்தில், பாறை முகத்தில் நான்கு மீட்டருக்கு மேல் உயரமான புடைப்புச் சிற்பம். வர்பலவா என்ற அரசன் பூவேலை செய்த நல்ல உடையில் கைகூப்பி நிற்கிறான். எதிரே புயல் தெய்வம் தர்ஹுன்சா, அவனைவிட மிகப் பெரியவன். ஓங்கிய தண்டாயுதம் இல்லை. ஒரு கையில் நிலத்திலிருந்து எழும் கோதுமைக் கதிர்கள், மறுகையில் கொடியோடு திராட்சைக் குலைகள். உகாரித் பாகாலின் ஈட்டிமுனையில் இலைவிடத் தொடங்கியது இங்கே கை நிறைய விளைந்திருக்கிறது. குட்டைப் பாவாடையும் நுனி வளைந்த காலணியும் அணிந்திருக்கிறான், வயலிலிருந்து நேரே வந்த ஆள் மாதிரி. இந்த முறை காலணிகள் சரியான கால்களில் இருக்கின்றன.